பனி தள்ளும் பிளேடும் பால் வண்டியும்: டக் ஹில் மேட்டில் ஒரு பண்ணை

நியூயார்க் என்றதும் வானுயர்ந்த கட்டடங்கள்தான் நமக்கு நினைவு வரும். அந்த நகரத்திலிருந்து வடக்கே காரில் ஐந்தாறு மணி நேரம் போனால், அதே மாநிலத்தில் மாடும் மக்காச்சோளமும் புல்வெளியுமாக வேறொரு நாடு இருக்கிறது. ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் என்று ஒரு மேட்டு நிலம். உச்சியில் சுமார் 2,000 அடி உயரம். அதன் கிழக்குச் சரிவு பிளாக் ரிவர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பள்ளத்தாக்கில் லூயிஸ் மாவட்டம். அதன் தலைமை ஊர் லோவில். பால்தான் அந்த ஊரின் பிழைப்பு. பாலாடைக் கட்டி வகையில் கிரீம் சீஸ் செய்யும் பெரிய ஆலை ஒன்றும் அங்கே இருக்கிறது.

மகளின் பிரசவத்துக்காக ஈட்டிய விடுப்பு எடுத்து, நவம்பர் தொடங்கி ஜனவரி முடிய சிரக்யூஸ் நகரில் இருந்தேன். மருமகனோடு வேலை பார்க்கும் ஒருவரின் பெற்றோர் லோவில் பக்கம் 50 கறவை மாடு வைத்திருக்கிறார்கள். நான் வேளாண்மைத் துறை என்றதும் வரச் சொன்னார்கள். நவம்பரில் ஒரு முறையும் ஜனவரியில் ஒரு முறையும் போய்த் தங்கினேன். ஊர் திரும்பியதும் ஆசிரியர் ஒரு வாசகர் கேள்வியை என்னிடம் கொடுத்தார்: 'பனி கொட்டும் நாடுகளில் மாடு வளர்ப்பவர்கள், வழியெல்லாம் மூடிக்கிடக்கும்போது பாலை எப்படி வெளியே அனுப்புகிறார்கள்?' அதற்கான பதிலை அந்தப் பண்ணையில் கண்ணால் பார்த்தேன்.

ஏரி கொடுக்கும் பனி

இங்கே பனி என்று நான் சொல்வது நம் மார்கழிப் பனியை அல்ல. இலவம் பஞ்சு உதிர்வதுபோல வானத்திலிருந்து விழுந்து, தரையில் அடுக்கடுக்காகச் சேரும் வெண்பனி. டக் ஹில்லில் அது சேரும் அளவு மிக அதிகம். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரித் தண்ணீர் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும். கனடா பக்கமிருந்து வரும் கடுங்குளிர் காற்று அந்த நீர்ப்பரப்பின் மேல் நூறு மைலுக்கு மேல் ஓடிவரும்போது ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது. கிழக்குக் கரை தாண்டி டக் ஹில் மேட்டில் ஏறும்போது அந்த ஈரம் முழுவதையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து கேரளப் பக்கம் மழை கொட்ட வைக்கிறதே, அதே கணக்குதான்.

மேட்டின் மேல் ஆண்டுக்கு 200 அங்குலத்துக்கு மேல் பனி விழும். 2007 பிப்ரவரியில் ரெட்ஃபீல்ட் என்ற ஊரில் பத்து நாள் தொடர்ந்து பெய்த பனியின் மொத்தம் 141 அங்குலம். பன்னிரண்டு அடிக்குக் கால் அடிதான் குறைவு. சிரக்யூஸிலிருந்து லோவில் போகும் வழியில் 177-ஆம் எண் சாலை இந்த மேட்டைக் குறுக்காகக் கடக்கிறது. சாலை ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் குச்சிகள் நட்டிருந்தார்கள். பனிக்குள் சாலை மறைந்துவிட்டால், எங்கே விளிம்பு என்று பனி அள்ளும் லாரிக்குக் காட்ட அந்தக் குச்சிதான் அடையாளம்.

ஒரு பாதை, இரண்டு நாள் பால்

அந்தப் பண்ணையில் நாளொன்றுக்கு 1,500 லிட்டர் பால். கறந்த பால் குழாய் வழியாகவே குளிரூட்டும் தொட்டிக்குப் போய்விடும். தொட்டி இரண்டு நாள் பாலைத் தாங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் டேங்கர் லாரி வந்து எடுத்துப் போகும். ஆகவே பொதுச் சாலையிலிருந்து பால் அறை வரைக்கும், லாரி திரும்பும் முற்றமும், ஒன்றுவிட்டு ஒரு நாளாவது சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். மாட்டுக்கு விடுமுறை கிடையாது. லாரி வராவிட்டாலும் மறுநாள் காலையில் கறந்தாக வேண்டும். தொட்டி நிரம்பியபின் கறக்கும் பால் சாணக் குழிக்குத்தான் போகும். 2014 நவம்பரில் பஃபலோ நகரைச் சுற்றிப் பெரும்பனி பெய்தபோது, லாரி போக முடியாமல் பாலைக் கொட்டிய பண்ணைகள் உண்டு.

இவர்கள் பண்ணைப் பாதை 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 120 கன மீட்டர். புதிதாக விழுந்த பொடிப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால்கூட 12 டன். ஈரம் ஏறிய பனி என்றால் இதைப்போல மூன்று மடங்கு எடை வரும். மண்வெட்டியால் ஆகிற வேலையா இது?

வேலையைச் செய்வது ஒரு சின்ன வண்டி. அங்கே யூடிவி என்கிறார்கள். பார்வைக்கு நம் குட்டி யானை லோடு வண்டியில் பாதி இருக்கும். இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் கொட்டும் தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும். எடை ஒரு டன்னுக்கு உள்ளே. குபோட்டா, ஜான் டீர் என்று நமக்குத் தெரிந்த டிராக்டர் கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. கோடையில் வேலிக்கால், தீவனம், கன்றுக்குட்டி எல்லாம் இதில்தான் போகும். குளிர்காலத்தில் முன்னால் ஒரு பிளேடு மாட்டிப் பனி தள்ளுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்னோ ப்ளோ', அதாவது பனிக் கலப்பை. உண்மையில் அது உழுவதில்லை. நம் டிராக்டரின் முன்னால் மாட்டும் டோசர் பிளேடு போல வாரித் தள்ளும்.

எட்டு அங்குலத்தில் போன பால்

நவம்பரில் நான் போனபோது பழைய பிளேடை மாற்றிப் புதிது வாங்குவதைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு. முந்தின குளிர்காலத்தில் ஒருமுறை பால் லாரி பாதை மேட்டில் வழுக்கி, ஏற முடியாமல் திரும்பிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் புயல். 3,000 லிட்டர் பால் வீண். பாதையைத் தள்ளாமல் விட்டதால் இப்படி ஆகவில்லை. தினமும் தள்ளித்தான் இருந்தார்கள். பிறகு ஏன்?

பண்ணைக்கார அம்மா டேப் எடுத்து வந்து எனக்கு அளந்து காட்டினார். வண்டியின் சக்கரத்துக்குச் சக்கரம் வெளிப்புற அகலம் 60 அங்குலம். பழைய பிளேடும் 60 அங்குலம். நேராக வைத்தால் சரிதான். ஆனால் பனியை ஓரமாக ஒதுக்க பிளேடைச் சாய்த்துத்தானே வைக்க வேண்டும்? 30 டிகிரி சாய்த்தால் 60 அங்குல பிளேடு வழிப்பது 52 அங்குலம்தான். பக்கத்துக்கு நாலு அங்குலமாக எட்டு அங்குலம் குறைகிறது. வழிக்காத அந்தப் பனியின் மேல் சக்கரம் ஏறி ஏறி, அது கெட்டிப்பட்டுப் பனிக்கட்டியாகிவிட்டது. லாரிச் சக்கரம் வழுக்கியது அதில்தான்.

சாய்த்து வைத்த பிளேடு எவ்வளவு வழிக்கும் என்ற கணக்கு இது: 60 அங்குலம் 52 ஆகும், 66 அங்குலம் 57 ஆகும், 72 அங்குலம் 62 ஆகும். அவர்கள் வண்டிக்கு 72 அங்குலத்துக்குக் குறைந்து வாங்கக் கூடாது என்பது இதிலேயே முடிவாகிவிட்டது.

கடையில் கேட்ட கேள்விகள்

மறுநாள் இயந்திரக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அந்த அம்மாவுக்கு 64 வயது. அவருடைய கணவர் அதிகாலையில் மாடு கறக்கும்போது பாதையைத் திறப்பது இவர் வேலை. கடைக்காரர் வரிசையாகப் பிளேடுகளைக் காட்ட, இவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார்.

முதல் கேள்வி எடை. கடைக்காரர் காட்டியது நடுவில் மடங்கும் 'வி' வடிவப் பிளேடு. அவர் சொன்னதில் பொய்யில்லை. குவிந்து கிடக்கும் பனியை ஏர்க்கொழு போலக் கிழித்துப் போகும். உள்பக்கமாக மடக்கினால் முறம்போல அள்ளிக்கொண்டும் வரும். ஆனால் தாங்கும் சட்டத்தோடு சேர்த்து 200 கிலோவை நெருங்குகிறது. அவ்வளவு எடை முன் சக்கரத்துக்கும் முன்னால் தொங்கினால், முன்பக்க ஸ்பிரிங் படுத்துவிடும். பின்பக்கம் இலேசாகிப் பின் சக்கரத்தின் பிடிப்பு போய்விடும். அம்மா கைப்பையிலிருந்து வண்டியின் கையேட்டை எடுத்து, முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினார். பிறகு 'வி' பிளேடைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நேர் பிளேடு போதும் என்று முடிவானது.

இரண்டாவது, தூக்குவது எப்படி என்பது. விலை குறைந்த வகையில் வண்டியின் முன்னால் உள்ள வின்ச் கயிறுதான் பிளேடைத் தூக்கும். வலம் இடமாகத் திருப்ப வேண்டுமானால் இறங்கிப் போய் ஊசியைப் பிடுங்கிக் கையால் திருப்ப வேண்டும். முன்னும் பின்னுமாக நூறு தடவை ஏறி இறங்கும் வேலையில் கயிறு ஒரே இடத்தில் மடங்கித் தேய்ந்து அறுந்துவிடும். ஹைட்ராலிக் வகையில் எல்லாம் உள்ளே உட்கார்ந்தபடி ஒரு பொத்தானில் நடக்கும். வின்ச் வகை ஆயிரம் டாலருக்கு முன்பின். ஹைட்ராலிக் அதைப்போல நாலைந்து மடங்கு. கணவர் தயங்கினார். அம்மா சொன்னது இதுதான்: "இருட்டில், உறைகிற குளிரில் இறங்கி ஏறப்போவது நான். முழங்கால் என்னுடையது." வேலை செய்யப்போகிறவரின் உடம்பையும் விலைக் கணக்கில் சேர்த்தார். என் பார்வையில் அது சரியான கணக்கு. 3,000 லிட்டர் பால் ஒருமுறை சாணக் குழிக்குப் போன வீடு அது.

மூன்றாவது, எங்கே பூட்டுவது என்பது. வண்டியின் அடிவயிற்றில் பூட்டும் வகை தள்ளும் விசையை வண்டியின் நடுவில் வாங்கிக்கொள்ளும். ஆனால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறையும். பிளேடும் அதிக உயரம் தூக்காது. முன்பக்கச் சட்டத்தில் பூட்டும் வகை உயரமாகத் தூக்கும். அங்கே இந்த உயரம் முக்கியம். ஜனவரியில் ஓரத்துக் குவியல் நெஞ்சளவு ஆகிவிடும். அதன் மேல் பனியை ஏற்றிவிட வேண்டும். முன்பூட்டு வகையையே எடுத்தார்கள்.

நாலாவது, தரை. இவர்கள் பாதை சரளைக்கல். பால் அறை முன்னால் உள்ள முற்றம் மட்டும் சிமெண்ட். சரளையில் பிளேடை ஒட்டிவைத்து வழித்தால் பனியோடு கல்லும் போய்விடும். அதற்காகப் பிளேடின் கீழே கிண்ணம்போல இரண்டு பாதங்கள் இருக்கின்றன. அவற்றை இறக்கிவைத்தால் பிளேடு தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும். தரை நன்றாக உறைந்து கல்லும் மண்ணும் ஒன்றாக இறுகும் வரை அப்படித்தான் ஓட்டுவார்கள். சிமெண்ட் தரையில் ஒட்ட வழிக்கலாம். பிளேடின் அடிவிளிம்பில் தேய்வதற்கென்றே ஓர் இரும்புப் பட்டை உண்டு. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பி மாட்டலாம்.

ஐந்தாவது, பனிக்குள் மறைந்திருக்கும் கல்லில் இடித்தால் என்ன ஆகும் என்பது. பிளேடின் பின்னால் கனமான ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. இடித்தால் பிளேடு முன்பக்கமாக மடங்கிக் கொடுத்து, பிறகு நிமிர்ந்துகொள்ளும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் கனத்த பனிக்கே மடங்கும். இறுக்கமாக இருந்தால் வண்டிச் சட்டம் வளையும். நம் கொத்துக் கலப்பைக் கொழுவுக்கு ஸ்பிரிங் வைப்பதும் இதற்காகத்தான்.

பிளேடின் பொருளைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. இரும்பு விறைப்பானது; துருப்பிடிக்கும், பனியும் ஒட்டும். பாலி என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் பனி ஒட்டாமல் உருண்டு விழும். முதுகில் இரும்புச் சட்டம் உள்ள பாலி பிளேடை எடுத்தார்கள். கூடவே ஒரு ஹைட்ராலிக் குழாய், இரண்டு ஊசி, ஒரு கேன் எண்ணெய். புயல் நாளில் கடை திறந்திருந்தாலும் கடைக்குப் போக வழி இருக்காதே!

ஜனவரிக் காலை

ஜனவரியில் நான் தங்கிய இரவில் எட்டு அங்குலம் விழுந்தது. அம்மா இரவு பத்து மணிக்கே ஒருமுறை தள்ளிவிட்டுத்தான் படுத்தார். விடியற்காலை நாலரை மணிக்கு மறுபடி கிளம்பினார். வெளியே மைனஸ் 18 டிகிரி. கண்ணிமையில் ஈரம் உறைவதை அன்றுதான் உணர்ந்தேன்.

புயல் ஓயட்டும், மொத்தமாகத் தள்ளலாம் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. நாலு அங்குலம் இரண்டு முறை தள்ளுவது இந்தச் சின்ன வண்டிக்கு இலேசு. எட்டு அங்குலம் ஒரே முறை என்றால் திணறும். பின் தொட்டியில் நூறு கிலோவுக்கு மேல் மணல் மூட்டை, பின் சக்கரங்களில் சங்கிலி, லோ கியர். வேகமாக ஓடிவந்து மோதவில்லை. நடக்கும் வேகத்தில் நிதானமாகத் தள்ளினார். காற்று மேற்கிலிருந்து வருவதால் பனியைக் கிழக்கு ஓரத்தில் ஒதுக்கினார். மேற்கு ஓரத்தில் குவித்தால், அந்தக் குவியலைத் தாண்டிவரும் காற்று பாதையிலேயே பனியைக் கொண்டுவந்து சேர்க்கும். பாதை விளிம்பைத் தாண்டி நாலைந்து அடி தள்ளிப் போய் விட்டார். டிசம்பரிலேயே விளிம்பில் குவித்துவிட்டால், அது இறுகிப் பாதை மாதத்துக்கு மாதம் குறுகும். பிப்ரவரியில் லாரி நுழைய இடம் இருக்காது. பொதுச் சாலையில் பனியைத் தள்ளுவது அங்கே சட்டப்படி குற்றம். அதனால் சாலைக்கு வந்ததும் பிளேடைத் தூக்கித் திரும்பிவிடுவார்.

ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஏழு மணிக்கு டேங்கர் வந்தது. அந்த மேட்டில் நிற்காமல் ஏறியது. ஓட்டுநர் அம்மாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுக் குழாயை மாட்டினார்.

சின்ன வண்டியால் எல்லாம் ஆகும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. ஒரே இரவில் இரண்டு அடி விழுந்தால் யூடிவி கொட்டகையிலேயே நிற்கும். அன்றைக்குப் பெரிய டிராக்டரில் பிடிஓ-வில் ஓடும், பனியை அள்ளித் தூர வீசும் இயந்திரத்தைப் பூட்டுவார் கணவர். அது டீசல் அதிகம் குடிக்கும். பூட்டிக் கிளம்பவும் நேரமாகும். அதனால் அன்றாட வேலைக்கு அதை எடுப்பதில்லை.

நமக்கு இதில் என்ன?

நமக்குப் பனியும் இல்லை, பனிக் கலப்பையும் வேண்டியதில்லை. ஆனால் வண்டிக்கு ஏற்ற கருவி எது என்ற கேள்வி என் மேசைக்கு வாரந்தோறும் வருகிறது. 35 ஹெச்.பி. டிராக்டர் வைத்திருப்பவர், பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கினார் என்று 6 அடி ரோட்டவேட்டர் கேட்கிறார். 5 அடியே அதற்குப் பொருத்தம். பெரிதை மாட்டினால் இன்ஜின் இழுக்காது, ஆழம் வராது, டீசல்தான் போகும். இன்னொருவர் விலை குறைவு என்று டிராக்டர் சக்கரத் தடத்தைவிட அகலம் குறைந்ததை வாங்கிவிடுகிறார். உழுத வயலில் சக்கரம் அழுத்திய தடம் அப்படியே நிற்கிறது. லோவிலில் எட்டு அங்குலம் குறைந்ததும் இதே கதைதானே?

அந்த அம்மா கேட்ட கேள்விகளை நம் கருவிகளுக்கும் கேட்டுப் பாருங்கள். வேலை செய்யும் நிலையில் கருவி எத்தனை அகலம் எடுக்கும்? அது என் சக்கரத் தடத்தை மூடுமா? வண்டியின் கையேடு எவ்வளவு எடை தாங்கும் என்கிறது? என் மண்ணில் கல் உண்டா, களிமண்ணா? தினமும் ஓட்டப்போவது யார்? ஊசியும் குழாயும் தேய்மானப் பட்டையும் பக்கத்து ஊரில் கிடைக்குமா? ஆண்டுக்கு இரண்டு நாள் வேலைக்குச் சொந்தமாக வேண்டுமா, வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுத்தால் போதாதா? மானியம் கிடைக்கிறது என்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகு பார்க்க வேண்டியது. பொருந்தாத கருவியை மானியத்தில் வாங்கினாலும், அதற்குக் குடிக்கக் கொடுக்கும் டீசல் நம் காசுதான்.

கருவி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், டிராக்டர் அல்லது பவர் டில்லரின் ஹெச்.பி., சக்கரத்துக்குச் சக்கரம் வெளிப்புற அகலம், நிலத்தின் அளவு, மண் வகை இந்த நாலையும் எழுதிக் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள். அகலத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.